கோப்பில் பெரியது எது, சிறியது எது?

(மங்கலம்பேட்டையில் தொடக்க, உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கூடிய கூட்டத்தில் கணினிப் பயிற்றுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய கணக்கு. ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எண்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது என்று கண்டுபிடிக்க ஒரு நிரல் எழுத வேண்டும். அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தானும் சிஎஸ்வி கோப்புகளும் படிக்கும் மாணவர்கள் பத்து வரிக்குள் இதை எழுதிவிடுவார்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். "இது எங்களுக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் இந்தக் கேள்வியை நாம் எல்லாருமே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். தேர்வு முடிந்ததும் முதல் மதிப்பெண் யார் என்று பார்க்கிறோம். குறைந்த மதிப்பெண் யார் என்றும் பார்க்கிறோம். உயரமும் எடையும் எடுத்த பிறகு, எடை மிகக் குறைந்த பிள்ளை எது என்று தேடுகிறோம். கிடைக்கும் விடையை வைத்து ஒரு பிள்ளைக்குப் பரிசு தருகிறோம். இன்னொரு பிள்ளையைக் கூடுதல் வகுப்பில் உட்கார வைக்கிறோம். இந்தச் சின்ன நிரல் தவறினால் அது ஒரு பிள்ளையின் தலையில் போய் விடியும். அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

கணினி இல்லாமலே தொடங்கலாம்

முதலில் மூன்றாம் வகுப்பிலேயே செய்யக்கூடிய ஒரு விளையாட்டு. பத்துச் சீட்டுகளில் பத்து எண்களை எழுதுங்கள். கவிழ்த்து அடுக்கிவிடுங்கள். ஒரு பிள்ளையை அழைத்து, மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்கச் சொல்லுங்கள். விதி ஒன்றுதான்: கையில் ஒரே ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம். புதிய சீட்டு கையில் உள்ளதைவிடப் பெரியதாக இருந்தால் பழையதைப் போட்டுவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் புதியதைப் போட்டுவிட வேண்டும்.

சீட்டுகளை ஏன் கவிழ்த்து வைக்கிறோம்? பத்து எண்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் குழந்தை கண்ணால் ஒரு முறை பார்த்துப் பெரியதைச் சொல்லிவிடும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. கோப்பைப் படிக்கும் நிரலுக்கு அப்படி ஒட்டுமொத்தமாகப் பார்க்கும் கண் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வரிதான் அதன் முன்னால் வரும். கவிழ்த்த சீட்டு அந்த நிலையைக் குழந்தைக்குக் கொடுக்கிறது.

நடுவில் ஒரு முறை விளையாட்டை நிறுத்தி, "உன் கையில் இருப்பது என்ன?" என்று கேளுங்கள். "பெரிய எண்" என்று குழந்தை சொல்லும். "இன்னும் ஆறு சீட்டு பாக்கி இருக்கிறதே, அதற்குள் எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரத்தில், "இதுவரைக்கும் பார்த்ததில் பெரியது" என்று சரியான விடை வரும். அந்த "இதுவரைக்கும் பார்த்ததில்" என்ற சொல்தான் முழு நிரலின் உயிர். மடக்கு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்த வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். கடைசிச் சீட்டும் முடிந்தால், "இதுவரைக்கும்" என்பது "எல்லாவற்றிலும்" என்று ஆகிவிடுகிறது.

இரண்டாம் சுற்றில் வலக்கையில் பெரியது, இடக்கையில் சிறியது என்று இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள். எத்தனை முறை ஒப்பிட்டோம் என்று எண்ணச் சொல்லுங்கள். 40 அணிகள் மோதும் நாக்-அவுட் கபடியில் வெற்றி அணியைக் காண எத்தனை ஆட்டம் வேண்டும்? ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேறுகிறது, ஒன்றைத் தவிர எல்லாம் வெளியேற வேண்டும், ஆகவே 39. நாற்பது எண்களில் பெரியதைக் காணவும் அதே 39 ஒப்பீடுதான். கணக்கு வேறு, கணினி வேறு, விளையாட்டு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

முதல் சீட்டு எது?

இப்போது மேல் வகுப்புக்கு வருவோம். நிரலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. கோப்பைத் திற.
2. முதல் வரியில் உள்ள எண்ணைப் "பெரியது" என்ற மாறியிலும் "சிறியது" என்ற மாறியிலும் வை.
3. அடுத்த வரியைப் படி. அதில் உள்ள எண், பெரியதைவிடப் பெரியதானால் அதைப் பெரியதில் வை. சிறியதைவிடச் சிறியதானால் அதைச் சிறியதில் வை.
4. வரிகள் முடியும் வரை மூன்றாம் படியைத் திரும்பச் செய்.
5. இரண்டையும் அச்சிடு.

மாணவர்கள் இரண்டாம் படியை எழுதுவதில்லை. பெரியது = 0, சிறியது = 0 என்று தொடங்கிவிடுவார்கள். கூட்டுத்தொகை காணும் நிரலைப் பூஜ்ஜியத்தில் தொடங்கிய பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொள்கிறது. மதிப்பெண் கோப்பில் பெரியது சரியாக வந்துவிடும். சிறியது எப்போதும் 0 என்றே வரும். வகுப்பில் யாருமே பூஜ்ஜியம் வாங்கவில்லை. ஆனாலும் நிரல் அப்படித்தான் சொல்லும்.

பிழை தெரிந்ததும் சிறியது = 1000 என்று மாற்றுவார்கள். மதிப்பெண்ணுக்கு அது வேலை செய்யும். 1100 டிகிரிக்கு மேலேயே நிற்கும் சூளையின் வெப்பநிலையைக் கொடுத்துப் பாருங்கள். சிறியது 1000 என்று வரும். கோப்பில் அப்படி ஓர் எண்ணே இருக்காது. அதேபோல, அண்டார்க்டிகாவில் உள்ள வாஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. அங்கே குளிர்காலத்தில் ஒரு நாள்கூட வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுவதில்லை. அந்தக் கோப்பில் பெரியது = 0 என்று தொடங்கினால், உயர்ந்த வெப்பநிலை 0 என்று விடை வரும். நாம் வெளியிலிருந்து கொண்டுபோன எண்ணே விடையாகத் திரும்பி வருகிறது.

சீட்டு விளையாட்டில் எந்தக் குழந்தையும் இந்தத் தவற்றைச் செய்யாது. முதலில் எடுத்த சீட்டைத்தான் கையில் வைத்துக்கொள்ளும். கோப்பின் விடை கோப்புக்குள்ளிருந்துதான் வர வேண்டும். கோப்பு காலியாக இருந்தால்? முதல் சீட்டே இல்லை. அப்போது நிரல் 0 என்று சொல்லக் கூடாது. "கோப்பில் எண் எதுவும் இல்லை" என்று சொல்ல வேண்டும்.

எழுத்தா, எண்ணா?

அடுத்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. கோப்பிலிருந்து படிக்கும் ஒவ்வொரு வரியும் பைத்தானுக்கு எழுத்துகளின் தொடராகத்தான் வருகிறது. நாம் எண்ணாக மாற்றச் சொல்லாவிட்டால் அது எழுத்தாகவே ஒப்பிடும். அகராதியில் சொற்களை எப்படி வரிசைப்படுத்துகிறோமோ அப்படி. முதல் எழுத்தைப் பார்க்கும். அது சமமானால்தான் இரண்டாம் எழுத்துக்குப் போகும்.

ஒரு கோப்பில் 87, 100, 9, 95 என்ற நான்கு மதிப்பெண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எழுத்தாக ஒப்பிட்டால் 1 என்று தொடங்கும் 100 முதலில் வரும். பிறகு 87, பிறகு 9, கடைசியில் 95. ஆகவே உயர்ந்த மதிப்பெண் 95, குறைந்த மதிப்பெண் 100! நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை கடைசி இடத்துக்குப் போய்விட்டது. ஒன்பது வாங்கி, நம் உதவிக்குக் காத்திருக்கும் பிள்ளை பட்டியலில் எங்கோ நடுவில் மறைந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, நிரல் நிற்காது, பிழைச்செய்தி வராது என்பதுதான். கோப்பில் எல்லா மதிப்பெண்களும் இரண்டிலக்கமாக இருந்தால் விடையும் சரியாகவே வரும். பல மாதம் சரியாக ஓடிய நிரல், முதன்முதலாக ஒருவர் 100 வாங்கும் நாளில் தவறும். பைத்தானில் பெரியது, சிறியது காண ஆயத்தச் செயற்கூறுகள் இருக்கின்றனவே, மடக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். அவற்றிடம் எழுத்தைக் கொடுத்தாலும் இதே தவறான விடையைத்தான் தரும். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு முறை தன் கையால் எழுதிப் பார்த்தவருக்குத்தான் அங்கே சந்தேகம் வரும்.

வராத பிள்ளையின் மதிப்பெண்

எண்ணாக மாற்றச் சொன்னதும் நிரல் ஒரு வரியில் நின்றுவிடும். அங்கே "வரவில்லை" என்று எழுதியிருக்கும். மாணவர் செய்யும் முதல் வேலை, அதை எடுத்துவிட்டு 0 போடுவது. நிரல் ஓடிவிடும். குறைந்த மதிப்பெண் பெற்றவராகத் தேர்வுக்கே வராத பிள்ளையின் பெயர் வரும். காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்த பிள்ளை வகுப்பின் கடைசி மாணவராகிவிடும். தேர்வு எழுதி 12 வாங்கிய பிள்ளை அந்தப் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இந்தச் சிக்கல் நம் பள்ளிக்கு மட்டும் உரியதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் கட்ட வடிவ மழைக் கோப்புகளில், தரவு இல்லாத இடத்தில் மைனஸ் 999 என்ற எண் இருக்கும். வெப்பநிலைக் கோப்புகளில் 99.9 இருக்கும். இது தெரியாமல் நிரலை ஓட்டினால், குறைந்த மழை மைனஸ் 999 மில்லிமீட்டர் என்றும் உயர்ந்த வெப்பநிலை 99.9 டிகிரி என்றும் விடை வரும். நடக்கவே முடியாத எண்ணாக அவர்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக. வராத பிள்ளைக்கு நாம் 0 போடும்போது, நடக்கக்கூடிய எண்ணைப் போட்டுவிடுகிறோம். பிறகு அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

எல்லாப் பூஜ்ஜியமும் சந்தேகத்துக்குரியதும் இல்லை. மழைமானிப் பதிவேட்டில் 0 என்றால் அன்று மழை இல்லை. அது உண்மையான அளவு. அன்று யாரும் போய்ப் பார்க்கவில்லை என்றால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். "இல்லை" என்பதும் "தெரியாது" என்பதும் வேறு வேறு. இதைப் பதிவேடு எழுதும் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். கணினி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

சமமாக இருந்தால்?

இரண்டு பேர் 98 வாங்கியிருக்கிறார்கள். நிரல் ஒரு பெயரைத்தான் சொல்கிறது. எந்தப் பெயரை? "பெரியதைவிடப் பெரியதானால் மாற்று" என்று எழுதியிருந்தால் கோப்பில் முதலில் வரும் பெயர் நிலைத்துவிடும். "பெரியதானாலோ சமமானாலோ மாற்று" என்று எழுதியிருந்தால் கடைசியில் வரும் பெயர் வரும். ஒரு சமக்குறி பரிசை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடுகிறது.

பல பள்ளிகளில் வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர்கள் முதலிலும் மாணவியர் பெயர்கள் பின்னாலும் இருக்கும். அந்த வரிசையிலேயே கோப்பும் இருந்தால், ஒரு மாணவரும் ஒரு மாணவியும் சமமாக வரும் ஒவ்வொரு தேர்விலும் மாணவரின் பெயரே முதலிடத்தில் வரும். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. யாரும் கவனித்ததும் இல்லை. இதற்கு வழி எளிது. பெரியதைவிடப் பெரியது வந்தால் பெயர்ப் பட்டியலை அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். சமமானது வந்தால் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். கூடுதலாக இரண்டு மூன்று வரிகள்தான்.

எந்த வரிகளுக்குள்?

பக்கத்தில் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுப் பயிலகமும் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலருக்குச் சூளை புதிதில்லை. அதையே பாடமாக்கலாம். ஒரு சூளையில் அரை மணிக்கு ஒரு முறை எடுத்த வெப்பநிலை 32 டிகிரியில் தொடங்கி, மெல்ல ஏறி, 1240 வரை போய், அங்கே சில மணி நேரம் நின்று, பிறகு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். சிறியது எது என்று கேட்டால் 32 என்று நிரல் சொல்லும். அது காலைக் காற்றின் வெப்பம். அந்த விடையால் யாருக்கும் பயனில்லை.

சூளைக்காரருக்கு வேண்டியது வேறு. உச்ச வெப்பத்தில் பிடித்து நிறுத்தியிருந்த நேரத்தில் சூடு எவ்வளவு வரைக்கும் இறங்கியது? அப்படிக் கேட்டால், முதலில் அந்த நேரத்துக்குரிய வரிகளை மட்டும் தேர்ந்துகொண்டு, பிறகு சிறியதைத் தேட வேண்டும். நிரலில் ஒரு நிபந்தனை கூடுகிறது. நிரல் எழுதும் முன், "எந்த வரிகளுக்குள் தேடுகிறோம்?" என்று கேட்க மாணவர் பழக வேண்டும்.

விடையோடு வரியும் வர வேண்டும்

கடைசியாக, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆயிரம் வெப்பநிலைகள் உள்ள கோப்பு. எல்லாம் 35 டிகிரி. ஒன்றை மட்டும் தட்டச்சு செய்தவர் 350 என்று அடித்துவிட்டார். சராசரி 35-லிருந்து ஏறத்தாழ 35.3 ஆகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஆனால் உயர்ந்த மதிப்பு 350 ஆகிவிடும். சராசரி என்பது ஆயிரம் வரிகளும் சேர்ந்து சொல்லும் விடை. பெரியதும் சிறியதும் ஒரே ஒரு வரி சொல்லும் விடை. ஆகவே கோப்பில் உள்ள தவறுகள் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையத்தில் 52.9 டிகிரி என்று பதிவானது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரிதான் அதுவரை இந்தியாவின் உச்சம். நாடு முழுவதும் செய்தியானது. வானிலை ஆய்வுத் துறை போய்ச் சோதித்துப் பார்த்து, அந்த நிலையத்தின் உணரி ஏறத்தாழ 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று தெரிவித்தது. இதைவிடப் பழைய கதை ஒன்று. உலகிலேயே வெப்பமான பதிவு லிபியாவின் அல் அஜிஜியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று எடுத்த 58 டிகிரி என்று நாமே படித்திருக்கிறோம். 2012-ல் உலக வானிலை அமைப்பு பழைய ஏடுகளை ஆராய்ந்து, அனுபவமில்லாத ஒருவர் கருவியைத் தவறாகப் படித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து அந்தப் பதிவை நீக்கியது. ஒரு வரித் தவறு 90 ஆண்டுகள் பாடப் பொருளாக இருந்திருக்கிறது.

அப்படியானால் நம்ப முடியாத எண்களை எல்லாம் நிரலே தள்ளிவிடட்டும் என்று சொல்லலாமா? அதிலும் ஆபத்து இருக்கிறது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. "50 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தவறு, விட்டுவிடு" என்று ஒருவர் நிரலில் எழுதியிருந்தால், வெள்ளத்தில் நின்ற ஊரே கோப்பிலிருந்து காணாமல் போயிருக்கும். 1985-ல் அண்டார்க்டிகாவுக்கு மேல் ஓசோன் மிகக் குறைந்திருப்பதை ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தரையில் இருந்த கருவியின் அளவுகளை வைத்து வெளியிட்டார்கள். நாசாவின் செயற்கைக்கோளும் அந்தக் குறைந்த அளவுகளைப் பதிவு செய்திருந்தது. ஆனால் 180 டாப்சன் அலகுக்குக் கீழே இருந்தவை சந்தேகத்துக்குரியவை என்று அங்கே நிரலால் குறியிடப்பட்டிருந்தன. நல்லவேளையாக அவை அழிக்கப்படாததால், பிறகு எடுத்துப் பார்த்து உறுதி செய்ய முடிந்தது.

முங்கேஷ்பூரின் எண்ணும் காயல்பட்டினத்தின் எண்ணும் நிரலுக்கு ஒன்றுதான். எது தவறு, எது உண்மை என்று அதற்குத் தெரியாது. மனிதர் ஒருவர் அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போய்ப் பார்க்க இடம் தெரிய வேண்டும். ஆகவே நிரல் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதாது. எந்த வரி, யாருடைய பெயர், எந்தத் தேதி என்பதையும் சேர்த்து வைத்து, விடையோடு அச்சிட வேண்டும். "குறைந்த எடை 11 கிலோ" என்று சொல்லும் நிரல் பாதி நிரல். "பதினேழாம் வரி, இந்தப் பெயர், 11 கிலோ" என்று சொன்னால்தான் நாம் எழுந்து போய், எடைக் கருவி சரியா என்றும் பார்க்கலாம். பிள்ளை சாப்பிட்டதா என்றும் கேட்கலாம்.

வகுப்பில் செய்ய

இந்த நிரலுக்கு மதிப்பெண் போடும்போது ஒரே ஒரு கோப்பைக் கொடுத்துச் சோதிக்காதீர்கள். ஆறு சிறிய கோப்புகளைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: எல்லாம் மைனஸ் எண்களாக உள்ள ஒன்று, எல்லாம் ஆயிரத்துக்கு மேல் உள்ள ஒன்று, 9-ம் 95-ம் 100-ம் கலந்த ஒன்று, "வரவில்லை" என்ற சொல் உள்ள ஒன்று, முதலிடத்தில் இரண்டு பேர் உள்ள ஒன்று, காலியான ஒன்று. ஒவ்வொன்றுக்கும் என்ன விடை வர வேண்டும் என்று மாணவர்களையே முதலில் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நிரலை ஓட்டட்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் முறை வரும் வரை காத்திருக்கும் நாட்களிலும் இந்த எழுத்து வேலையைச் செய்யலாம்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சீட்டு விளையாட்டை மட்டும் செய்தால் போதும். "இதுவரைக்கும் பார்த்ததில்" என்று சொல்லப் பழகிய பிள்ளை மேல் வகுப்புக்கு வரும்போது, எங்கள் வேலை பாதி முடிந்திருக்கும்.